பெயரை எப்படி எழுதுவது? ஹிப்-ஹாப் ஆல்பம் அட்டைகளில் எழுத்துக் கலை



பசார் மாலாமில் டீ-ஷர்ட் கடைப் பக்கம் போனால் இந்தச் சட்டையைக் கண்டிப்பாகப் பார்த்திருப்பீங்க. கறுப்புத் துணி. நடுவில் தடித்த வெள்ளை எழுத்தில் இரண்டு வரி. மேலே ஒரு சிவப்புக் கோடு, கீழே ஒரு சிவப்புக் கோடு. அந்த இரண்டு வரிக்குள் ஊர்ப் பெயர், காற்பந்துக் குழுவின் பெயர், சாப்பாட்டுக் கடையின் பெயர், பள்ளி முகாமின் பெயர் என்று எதையாவது போட்டிருப்பார்கள். "இந்த டிசைன் எங்கிருந்து வந்துச்சு?" என்று மாணவர்களிடம் கேட்டுப் பாருங்க. "சும்மா ஒரு ஸ்டைல், டீச்சர்" என்பதுதான் பெரும்பாலும் பதிலாக இருக்கும்.

அது சும்மா ஒரு ஸ்டைல் இல்லை. நியூயார்க்கின் மூன்று இளைஞர்களுக்காக 1986இல் லண்டனில் ஒரு பெண் வடிவமைத்த எழுத்து அது. அதற்குப் பின்னால் ரயில் பெட்டி, போட்டோகாப்பி கடை, மார்க்கர் பேனா, கணினி என ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. இந்தக் கட்டுரை அந்த வரலாற்றை ஹிப்-ஹாப் ஆல்பம் அட்டைகள் வழியாக விளக்குகிறது.

தமிழ் ஆசிரியர்களுக்கு இது எதற்கு என்று கேட்கலாம். ஒரு படத்தையோ விளம்பரத்தையோ காட்டி எழுதச் சொன்னால், நம் மாணவர்கள் "அழகாக உள்ளது", "கவர்ச்சியாக உள்ளது" என்று எழுதிவிட்டு நின்றுவிடுகிறார்கள். ஏன் அழகு, எப்படிக் கவர்கிறது என்று அடுத்த வரி வருவதில்லை. பார்ப்பதற்கு ஒரு முறை வேண்டும். அதற்கு மூன்று கேள்விகள் போதும்.

1. இந்த எழுத்தை எந்தக் கருவியால் செய்தார்கள்?
2. இதை யார் படிக்க வேண்டும் என்று நினைத்தார்கள்?
3. இந்த வடிவத்தை எங்கிருந்து எடுத்தார்கள்?

கருவி, வாசகர், மூலம். இந்த மூன்று சொல்லையும் நினைவில் வைத்துக்கொண்டு வாங்க.

ஆசிரியர்களுக்கு ஒரு குறிப்பு: இங்கே பேசப்படும் சில ஆல்பங்களின் பாடல் வரிகள் வகுப்பறைக்கு ஏற்றவை அல்ல. அட்டையை மட்டும் காட்டினால் போதும். அதையும் முன்கூட்டியே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சுவரும் ரயிலும்: பெயர்தான் முதல் பாடம்

ஹிப்-ஹாப் பிறந்த இடம் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதி. 1973 ஆகஸ்டு 11 அன்று, செஜ்விக் அவென்யூவில் 1520ஆம் எண் அடுக்குமாடிக் கட்டடத்தில், டிஜே கூல் ஹெர்க் இசை போட்ட விருந்தைத்தான் பலரும் அதன் தொடக்கமாகச் சொல்கிறார்கள். ஆனால் எழுத்தின் கதை அதற்குக் கொஞ்சம் முன்பே தொடங்கிவிட்டது.

1971இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் ஓர் இளைஞனைப் பற்றிச் செய்தி வெளியிட்டது. கடிதம், பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை அவனுக்கு. போகும் இடமெல்லாம் மார்க்கர் பேனாவால் "டாக்கி 183" என்று எழுதிவிட்டு வந்தான். டாக்கி என்பது அவன் செல்லப் பெயர். 183 என்பது அவன் குடியிருந்த தெருவின் எண். எழுதியது அவ்வளவுதான். அரசியலும் இல்லை, கவிதையும் இல்லை. "நான் இங்கே வந்தேன்" என்ற ஒரே செய்தி. அந்தச் செய்தி வெளியான பிறகு இதே மாதிரி எழுதுகிறவர்கள் பெருகிப் போனார்கள்.

எல்லோரும் எழுத ஆரம்பித்தால் என்ன ஆகும்? யார் பெயர் தனியாகத் தெரியும் என்ற போட்டி வரும். முதலில் மார்க்கர் பேனா, பிறகு ஸ்பிரே டின். சுவரில் எழுதியவர்கள் ரயில் பெட்டிக்குப் போனார்கள், ஏனென்றால் சுவர் ஓரிடத்தில் நிற்கும், ரயில் ஊரெல்லாம் சுற்றும். ஓடும் ரயிலில் பெயர் கண்ணில் பட வேண்டுமென்றால் எழுத்து பெரிதாக வேண்டும், நிறம் வேண்டும், கறுப்பு ஓரக்கோடு வேண்டும். 1972 வாக்கில் ஃபேஸ் 2 என்ற பெயரில் எழுதியவர், காற்று நிரப்பிய பலூன் போன்ற உப்பிய எழுத்துகளைக் கொண்டுவந்தார். இன்று பிறந்தநாள் அட்டையிலும் மிட்டாய்ப் பொட்டலத்திலும் நாம் பார்க்கும் "பபிள்" எழுத்துகளுக்கு அதில் ஒரு வேர் உண்டு.

பிறகு வந்தது "வைல்ட் ஸ்டைல்". ஓர் எழுத்து இன்னொன்றுக்குள் புகுந்து, நுனியில் அம்பு முளைத்து, பின்னிப் பிணைந்து நிற்கும். வெளியாள் பார்த்தால் ஒன்றும் புரியாது. அதுதான் நோக்கமே. இரண்டாவது கேள்வியை இங்கே கேளுங்க: யார் படிக்க வேண்டும்? சக எழுத்துக்காரர்கள் படித்தால் போதும், மற்றவர்கள் படிக்கத் தேவையில்லை.

இதைச் செய்தவர்கள் தங்களை "ரைட்டர்" என்றுதான் சொல்லிக்கொண்டார்கள், அதாவது எழுதுபவர். "கிராஃபிட்டி" என்ற பெயரை ஃபேஸ் 2 ஏற்கவே இல்லை. அது வெளியிலிருந்து ஒட்டப்பட்ட பெயர் என்பது அவர் கருத்து.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். இது சட்டவிரோதம். பொதுச்சொத்தில் எழுதுவது அன்றும் குற்றம், இன்றும் குற்றம். நகர நிர்வாகம் பல ஆண்டுகள் பெரும் பணம் செலவழித்துப் பெட்டிகளைக் கழுவியது. 1989 மே மாதம், கிராஃபிட்டி உள்ள கடைசி ரயிலும் சேவையிலிருந்து எடுக்கப்பட்டதாக அறிவித்தது. ஆனால் அதற்குள் அந்த எழுத்து வேறு இடத்துக்குக் குடிபோய்விட்டது. எங்கே? காகிதத்துக்கும் இசைத்தட்டு உறைக்கும்.

போட்டோகாப்பி இயந்திரமும் ஒட்டெழுத்தும்

ஆல்பம் வருவதற்கு முன் ஹிப்-ஹாப்புக்கு இருந்த ஒரே அச்சுப் பொருள் விருந்து அறிவிப்புத் தாள். பள்ளி மண்டபத்திலோ சமூக நிலையத்திலோ நிகழ்ச்சி. யார் இசை போடுகிறார், கட்டணம் எவ்வளவு, எந்த ரயிலில் வந்து எங்கே இறங்க வேண்டும் என எல்லாம் ஒரே தாளில் இருக்க வேண்டும்.

இந்தத் தாள்களைச் செய்தவர்களில் "தாள்களின் அரசன்" என்று பெயர் வாங்கியவர் பட்டி எஸ்குவயர். அவரும் முதலில் சுவரில் எழுதியவர்தான். ஆனால் தாளில் அவர் செய்தது நேர் எதிர். பின்னிய எழுத்துகளை விட்டுவிட்டு ஆர்ட் டெக்கோ பாணிக்குப் போனார். நேரான கோடு, படிப்படியான விளிம்பு, கதிர் வீசும் வடிவம். அது என்ன பாணி என்று தெரியாதவர்கள் கோலாலம்பூரின் பசார் செனி கட்டடத்தை நினைத்துப் பாருங்க. 1937இல் எழுந்த அந்த முகப்பு இந்தப் பாணியைச் சேர்ந்தது. பிராங்ஸின் கிராண்ட் கான்கோர்ஸ் சாலையிலும் இதே காலத்துக் கட்டடங்கள் வரிசையாக நிற்கின்றன.

கருவி என்ன? லெட்ராசெட். ஒரு பிளாஸ்டிக் தாளில் எழுத்துகள் இருக்கும். காகிதத்தின் மேல் வைத்துத் தேய்த்தால் எழுத்து ஒட்டிக்கொள்ளும். கணினி வருவதற்கு முன் நம் ஊர்ப் பள்ளிகளில் ஆண்டு மலர் தயாரித்த மூத்த ஆசிரியர்களுக்கு இது நினைவிருக்கலாம். அதோடு கத்தரித்து ஒட்டிய புகைப்படம், கையால் வரைந்த ஓரம். கடைசியில் போட்டோகாப்பி.

ஏன் இந்த நாகரிகப் பாணி? இரண்டாவது கேள்விக்கே திரும்புவோம். ரயிலில் எழுதியவர் சக எழுத்துக்காரனிடம் பேசினார். தாளைச் செய்தவர் கட்டணம் கொடுத்து வரப்போகிற விருந்தினரிடம் பேசினார். பள்ளி மண்டபத்து விருந்துக்கு ஒரு பெரிய அரங்கின் மதிப்பைக் கொடுக்க வேண்டும், முகவரியும் தெளிவாகத் தெரிய வேண்டும். ஆள் ஒருவரேதான். வாசகர் மாறியதும் எழுத்து மாறிவிட்டது. பட்டி எஸ்குவயர் செய்த தாள்கள் இன்று கார்னெல் பல்கலைக்கழக நூலகத்தின் ஹிப்-ஹாப் சேகரிப்பில் பாதுகாக்கப்படுகின்றன. ஒரு நாள் கூத்துக்காகச் செய்த தாள் அது!

ரயிலிலிருந்து உறைக்கு

இசைத்தட்டின் உறை ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் சதுரம். ரயில் பெட்டியோடு ஒப்பிட்டால் சின்னதுதான். ஆனால் கடையில் நிற்கிற வாங்குபவரின் கையில் அது பெரிய சுவர்.

1983இல் வந்த "பீட் பாப்" என்ற இசைத்தட்டு ஒரு நல்ல தொடக்கம். ராம்மெல்ஸி, கே-ராப் இருவரும் பாடியது. உறையை வரைந்தவர் ஓவியர் ழான்-மிஷெல் பாஸ்கியா. கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் கோடுகள், கிறுக்கல் போன்ற கையெழுத்து. ராம்மெல்ஸி எழுத்தைப் பற்றித் தனிக் கோட்பாடே வைத்திருந்தார். இடைக்கால ஐரோப்பியத் துறவிகள் சுவடிகளில் எழுத்தை அலங்கரித்தார்கள் அல்லவா, அந்தப் பணியின் தொடர்ச்சியே ரயில் எழுத்து என்பது அவர் எண்ணம். எழுத்துக்கு ஆயுதம் பூட்ட வேண்டும் என்றும் சொன்னார். அம்பு முளைத்த எழுத்தை அப்படித்தான் அவர் புரிந்துகொண்டார்.

ரயிலில் எழுதியவர்கள் சிலர் முறையான வடிவமைப்பாளர்களாகவும் ஆனார்கள். எரிக் ஹேஸ் அவர்களில் ஒருவர். பீஸ்டி பாய்ஸ் குழுவின் 1992 ஆல்பமான "செக் யுவர் ஹெட்" அட்டையில் இருக்கும் கையெழுத்து அவருடையது. மார்க்கர் பேனாவின் வேகம் அதில் அப்படியே தெரியும். செய் ஆடம்ஸ் என்ற இன்னொருவர் டெஃப் ஜாம் இசை நிறுவனத்தின் முதல் கலை இயக்குநர் ஆனார். அந்த நிறுவனத்தின் சின்னத்தையும் கவனியுங்க. "டெஃப் ஜாம்" என்பதில் "டி", "ஜே" என்ற முதலெழுத்துகள் இரண்டும் மற்றவற்றைவிடப் பெரியவை. சேர்த்துப் படித்தால் டிஜே!

மூன்று சின்னங்கள், மூன்று காரணங்கள்

இப்போது பசார் மாலாம் சட்டைக்கு வருவோம்.

*ரன்-டி.எம்.சி.* நியூயார்க்கின் ஹாலிஸ் பகுதியைச் சேர்ந்த மூவர் குழு. அவர்களின் இங்கிலாந்து வெளியீடுகளுக்காக 1986இல், லண்டனில் ஐலண்டு ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த ஸ்டெஃபனி நாஷ் இந்தச் சின்னத்தைச் செய்தார். அவர் எடுத்த எழுத்துரு ஃபிராங்க்ளின் காதிக். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாரிஸ் ஃபுல்லர் பென்டன் அமெரிக்காவில் வடிவமைத்த தடித்த எழுத்துரு, செய்தித்தாள் தலைப்புக்கும் விளம்பரத்துக்கும் பழகிப்போனது. ஆங்கிலத்தில் "ரன்" மூன்று எழுத்து, "டி.எம்.சி." மூன்று எழுத்து. ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தால் கட்டியான ஒரு சதுரம் கிடைக்கும். மேலும் கீழும் சிவப்புக் கோடு போட்டுப் பூட்டிவிட்டார். அவ்வளவுதான். வரைந்த அலங்காரம் ஒன்றுகூட இல்லை. அவர்கள் பாட்டும் அப்படித்தான்: தாளம், குரல், இடையில் வெற்றிடம். பள்ளி முகாமின் பெயரை அதில் போடும்போது ஏன் சில பெயர்கள் பொருந்துவதில்லை என்று இப்போது புரிகிறதா? இரண்டு வரியும் ஒரே அகலத்துக்கு வராவிட்டால் அந்தச் சதுரம் உடைந்துவிடும்.

*பப்ளிக் எனிமி.* இந்தக் குழுவின் தலைவர் சக் டி, அடெல்ஃபி பல்கலைக்கழகத்தில் வரைகலை படித்தவர். சின்னத்தை உருவாக்கியவரும் அவரே. துப்பாக்கியின் குறி வட்டத்துக்குள் தொப்பி போட்ட ஒரு மனிதனின் நிழலுருவம். பலர் அதைப் போலீஸ்காரர் என்று நினைத்தார்கள். இல்லை, அமெரிக்காவில் எப்போதும் குறிவைக்கப்படும் கறுப்பின மனிதன் என்று சக் டி விளக்கினார். குழுவின் பெயர் ஸ்டென்சில் எழுத்தில் இருக்கும். அட்டையில் எழுத்தை வெட்டியெடுத்து, வெட்டிய துளை வழியாக மையைத் தெளிப்பதுதான் ஸ்டென்சில். எங்கே பார்த்திருக்கிறோம் அந்த எழுத்தை? ராணுவப் பெட்டியில், சரக்குப் பெட்டியில், போராட்டச் சுவரில். 1987இல் வந்த முதல் ஆல்பத்தைக் கையில் எடுத்தவருக்குப் பாட்டைக் கேட்பதற்கு முன்பே ஒரு போர் அறிவிப்பு கிடைத்துவிடுகிறது.

*வூ-டாங் கிளான்.* ஸ்டேட்டன் தீவை மையமாகக் கொண்ட பெரிய கூட்டம். 1993இல் வந்த முதல் ஆல்பத்தின் அட்டையில் ஆட்கள் நிற்கிறார்கள், ஆனால் முகங்கள் துணியால் மூடப்பட்டிருக்கின்றன. அப்படியானால் யார் இவர்கள் என்று எப்படித் தெரியும்? அந்த வேலையை ஒரே ஓர் எழுத்து செய்கிறது: "டபிள்யூ". சிறகு விரித்த பறவை போலவும் வாளின் வீச்சு போலவும் இருக்கும் அதை வரைந்தவர் குழுவின் டிஜே மேத்தமேட்டிக்ஸ். பிறகு உறுப்பினர்கள் தனித்தனியாக ஆல்பம் போட்டபோதும் அந்த எழுத்து அவர்களைப் பின்தொடர்ந்தது. ஒரு குடும்பப் பெயர் மாதிரி.

மூன்றையும் ஒப்பிடுங்கள். முதலாவது செய்தித்தாளிலிருந்து எடுத்தது, இரண்டாவது ராணுவப் பெட்டியிலிருந்து எடுத்தது, மூன்றாவது கையால் பிறந்தது. மூன்றும் வலிமையைத்தான் சொல்கின்றன, ஆனால் மூன்று வேறு வலிமை.

வலிமைதான் ஒரே வழியா? இல்லை. 1989இல் டி லா சோல் குழுவின் "3 ஃபீட் ஹை அண்ட் ரைசிங்" வந்தது. கண்ணைப் பறிக்கும் மஞ்சள் பின்னணி, டெய்சிப் பூக்கள், விளையாட்டுத்தனமான கையெழுத்து. செய்தவர்கள் லண்டனின் கிரே ஆர்கனைசேஷன் கலைக்குழு. எல்லா அட்டையும் முறைத்துப் பார்த்த காலத்தில் இது சிரித்தது. வித்தியாசம் தெரிய வேண்டுமானால் எதிர்த்திசையில் போகலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

யாரும் கேட்காத எழுத்து

ஹிப்-ஹாப் அட்டைகளில் அதிகம் இடம்பெற்ற எழுத்து எது தெரியுமா? எந்தக் கலைஞரும் வேண்டும் என்று கேட்காத ஒன்று. "பெற்றோர் கவனத்துக்கு" என்று எச்சரிக்கும் அந்தக் கறுப்பு-வெள்ளைப் பெட்டி.

பாடல் வரிகள் குறித்துக் கவலைப்பட்ட பெற்றோர் சிலர் 1985இல் வாஷிங்டனில் ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். அழுத்தம் கூடியது. இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம் எச்சரிக்கை அச்சிட ஒப்புக்கொண்டது. 1990இல் எல்லோருக்கும் பொதுவான ஒரே வடிவம் வந்தது. தடித்த பெரிய எழுத்து, சதுரக் கட்டம், நிறம் கிடையாது. அதிகாரி முத்திரை குத்தியது மாதிரி இருக்கும்.

விளைவு என்ன? வாங்காதே என்று சொல்ல வந்த எழுத்தே சில இளைஞர்களுக்கு "இதில் ஏதோ இருக்கு" என்ற விளம்பரமாகிவிட்டது. வடிவமைப்பாளர்களும் அதை மறைக்க முயலாமல் அட்டையின் ஓர் உறுப்பாகவே வைக்கப் பழகினார்கள். பிறகு சட்டைகளிலும் அச்சாக ஆரம்பித்தது. ஒரு வடிவத்தின் பொருளை அதை உருவாக்கியவர் மட்டும் தீர்மானிப்பதில்லை, பயன்படுத்துகிறவர்களும் தீர்மானிக்கிறார்கள். சொல்லின் பொருளுக்கு இது பொருந்தும் என்று இலக்கண வகுப்பில் சொல்கிறோம். எழுத்தின் வடிவத்துக்கும் அதே கதைதான்.

வைரம் பதித்த எழுத்து

1992இல் டெக்சஸ் மாநிலத்தின் ஹூஸ்டனில் ஆரன், ஷான் பிராக் என்ற சகோதரர்கள் பென் அண்ட் பிக்செல் என்ற வடிவமைப்பு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். கருவி மாறியது: கணினி, ஃபோட்டோஷாப். 1994இல் வந்த ஃபோட்டோஷாப் பதிப்பில் அடுக்கு வசதி சேர்ந்தது. அதாவது ஒரு படத்தின் மேல் இன்னொன்றை வைத்து, ஒவ்வொன்றையும் தனியாக மாற்றலாம். இந்தச் சகோதரர்கள் அதை விளிம்பு வரைக்கும் கொண்டுபோனார்கள். எழுத்து முழுக்க வைரம், ஓரத்தில் தங்கம், நுனியில் மின்னல், பின்னால் மாளிகை, முன்னால் கார். ஜூவனைல் 1998இல் வெளியிட்ட "400 டிக்ரீஸ்" அவர்கள் வேலை. நோ லிமிட், கேஷ் மணி போன்ற தென்மாநில நிறுவனங்களுக்கு அவர்கள் நிறைய அட்டைகள் செய்தார்கள்.

படித்த வடிவமைப்பாளர்கள் பலருக்கு இது பிடிக்கவில்லை. "ரசனை இல்லை" என்றார்கள். ஆனால் வாசகர் யார் என்று கேளுங்கள். இந்தக் கலைஞர்கள் பலரிடம் பெரிய நிறுவனத்தின் விளம்பரப் பணம் இல்லை. கடை அலமாரியில் நூறு அட்டைகளுக்கு நடுவே கை இந்த ஒன்றை நோக்கி நீள வேண்டும். அட்டையில் உள்ள மாளிகை இருப்பதைக் காட்டவில்லை, அடைய நினைப்பதைக் காட்டியது. நிறுவனம் 2003இல் மூடப்பட்டது. ஆனால் 2020இல் 21 சாவேஜ், மெட்ரோ பூமின் இருவரும் "சாவேஜ் மோடு 2" ஆல்பத்துக்கு அதே பென் அண்ட் பிக்செலைத் தேடிப் போய் அட்டை வாங்கினார்கள். ஒரு காலத்தில் "ரசனை இல்லை" என்று ஒதுக்கியது இருபது ஆண்டுகளில் மரபாகிவிட்டது.

எடுத்து வந்த எழுத்துகள்

மூன்றாவது கேள்விக்கு இரண்டு நல்ல சான்றுகள் லாஸ் ஏஞ்சல்ஸில் இருக்கின்றன.

ஒன்று, டாக்டர் டிரே 2015இல் வெளியிட்ட "காம்ப்டன்". மலையில் வெள்ளை நிறத்தில் நிற்கும் "ஹாலிவுட்" எழுத்துகள் உலகப் புகழ் பெற்றவை. 1923இல் வீட்டுமனை விளம்பரத்துக்காக நிறுத்தியவை அவை. இந்த அட்டையில் அதே மாதிரி மலைமேல் "காம்ப்டன்" என்று நிற்கிறது. ஏழ்மைக்கும் வன்முறைக்கும் பெயர் வாங்கிய தன் ஊரை, கனவு நகரத்தின் இடத்தில் நிறுத்திவிட்டார். ஒரு வார்த்தை விளக்கம் தேவைப்படவில்லை.

இரண்டு, பழைய ஆங்கில எழுத்து. சான்றிதழிலும் சில செய்தித்தாள்களின் பெயரிலும் பார்த்திருப்பீங்க. முனை கூர்மையாக, கறுத்துத் தடித்திருக்கும். லாஸ் ஏஞ்சல்ஸின் மெக்சிகோ வம்சாவளி இளைஞர்கள் பல தலைமுறைகளாகத் தங்கள் தெருப் பெயரை இந்தச் சாயலில் சுவரில் எழுதினார்கள். அரசு ஆவணம் மாதிரி கனமாக இருப்பதால் பெயருக்கு ஒரு மதிப்பு. இறந்துபோன நண்பரின் நினைவாக அணியும் சட்டைகளிலும் இதே எழுத்து. 2016இல் கான்யே வெஸ்டின் "தி லைஃப் ஆஃப் பாப்லோ" ஆல்பத்துக்காகக் கலைஞர் காலி தார்ன்ஹில் டிவிட் செய்த சட்டைகள் இந்த நினைவுச் சட்டைகளைப் பின்பற்றியவை. இன்று உலகெங்கும் அந்த எழுத்தைப் போட்டுக்கொள்கிறார்கள். துக்கத்தில் பிறந்த எழுத்து என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

அடுத்த ஆண்டே கென்ட்ரிக் லமார் "டாம்" ஆல்பத்தை வெளியிட்டார். வடிவமைத்தவர் விளாட் செபெடோவ். தலைக்கு மேல் சிவப்பில் தலைப்பு, கணினியில் தட்டச்சு செய்தால் தானாக வரும் டைம்ஸ் வகை எழுத்தில். வெளியான அன்றே இணையத்தில் கேலி. "பத்து நிமிட வேலை" என்றார்கள். ஒழுங்குக்குள் அடங்காத, உரத்த ஒன்றைத்தான் செய்ய நினைத்ததாக வடிவமைப்பாளர் பதில் சொன்னார். எல்லோரும் மெருகேற்றும் காலத்தில் மெருகை விட்டுவிடுவதும் ஒரு முடிவுதான். அந்த ஆல்பத்துக்கு 2018இல் இசைக்கான புலிட்சர் பரிசு கிடைத்தது. அட்டையைக் கேலி செய்தவர்களுக்கும் அது மறக்கவில்லை.

தமிழ் எழுத்துக்கு வரும்போது

ஹிப்-ஹாப் தமிழர்களுக்கும் அந்நியமல்ல. ஈழத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த எம்.ஐ.ஏ., லண்டனின் சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கல்லூரியில் படித்தவர். இசைக்கு வருவதற்கு முன்பே ஸ்டென்சில் ஓவியங்கள் செய்தவர். தந்தையின் பெயர் தாங்கிய அவரது முதல் ஆல்பமான "அருளர்" 2005இல் வந்தபோது அட்டையிலும் அந்த ஸ்டென்சில் உலகமே தெரிந்தது. மலேசியாவில் யோகி பி, நட்சத்திரா குழுவின் "வல்லவன்" 2006இல் வந்து, தமிழிலேயே ராப் பாடலாம் என்று ஒரு தலைமுறைக்குக் காட்டியது.

அப்படியானால் தமிழ் எழுத்தில் வைல்ட் ஸ்டைல் எழுத முடியுமா? முடியும். ஆனால் ஆங்கில வடிவத்தை அப்படியே தூக்கிவந்து மேலே போர்த்தினால் எழுத்து உடைந்துவிடும். காரணத்தைப் பாருங்க.

ரோமன் எழுத்தின் கால் நுனியை நீட்டி அம்பு வைத்தால் அது பெரும்பாலும் அதே எழுத்தாகவே இருக்கும். தமிழில் "எ"வின் காலைக் கீழே நீட்டினால் "ஏ" ஆகிவிடும். "எடு" என்று எழுத நினைத்தது "ஏடு" ஆகிப்போகும். துணைக்காலின் அடியில் சாய்கோடு சேர்த்தால் "ர". அலங்காரத்துக்காகப் புள்ளியை விட்டால் "கல்" என்பது "கல" ஆகும். ஒற்றைக்கொம்பின் சுழியை அழகுக்காக இரண்டாக்கினால் "கெடு" என்பது "கேடு". நம் எழுத்தில் எது அலங்காரம், எது பொருள் தரும் கோடு என்று தெரிந்தவர்தான் அதை வளைக்க முடியும். இலக்கணம் தெரிந்தவர் மரபை மீறுவதற்கும் தெரியாதவர் பிழை விடுவதற்கும் உள்ள அதே வித்தியாசம்.

கருவி என்ற முதல் கேள்வியும் நமக்குப் புதிதல்ல. ஓலையில் எழுத்தாணியால் எழுதிய காலத்தில், ஓலை கிழியுமென்று புள்ளியைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள் என்று நாமே பாடம் நடத்துகிறோம். எகர ஏகார வேறுபாட்டுக்கு இன்றைய வடிவம் தந்தவராக வீரமாமுனிவரைச் சொல்கிறோம். தமிழ்நாட்டில் 1978இல் வந்த எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் "லை", "னை" ஆகியவற்றுக்கு யானைத் துதிக்கை போன்ற வளைவு இருந்தது. பழைய கடைப் பலகையில் அதை இன்னும் பார்க்கலாம். ஒரு மாணவன் தன் ஆல்பம் அட்டையில் அந்தப் பழைய "லை"யை வேண்டுமென்றே போட்டால், அவன் தாத்தா காலத்தை ஒரே எழுத்தில் கூப்பிடுகிறான் என்று பொருள்.

வகுப்பறை நடவடிக்கை

1. மாணவர் ஒவ்வொருவரும் தன் பெயரைத் தமிழில் மூன்று முறை எழுதட்டும்: மார்க்கர் பேனாவால் வேகமாக ஒன்று, உப்பிய பலூன் எழுத்தில் ஒன்று, தடித்த நேர்கோட்டில் இரண்டு வரியாக ஒன்று.
2. பக்கத்து மாணவரிடம் காட்டிப் படிக்கச் சொல்லுங்கள். தவறாகப் படித்தால் எந்தக் கோடு தடுமாற வைத்தது என்று கண்டுபிடிக்க வேண்டும்.
3. மணிலா அட்டையில் பெயரின் முதல் எழுத்தை ஸ்டென்சிலாக வெட்டுங்கள். "ட", "ப" எளிது. சுழி உள்ள "ண", "ன" வெட்டும்போது சுழியின் நடு விழுந்துவிடும். அதைத் தாங்க ஒரு சிறு பாலம் விட வேண்டும். பாலத்தை எங்கே விட்டால் எழுத்து மாறாமல் இருக்கும்?

எழுதிப் பழக

பலவீனமான வாக்கியம்: "இந்த அட்டையின் எழுத்து மிகவும் கவர்ச்சியாக உள்ளது."

வலுவான வாக்கியம்: "ராணுவப் பெட்டிகளில் காணப்படும் ஸ்டென்சில் எழுத்தைப் பயன்படுத்தியதால், பாடலைக் கேட்பதற்கு முன்பே இக்குழு போராட்ட உணர்வை வெளிப்படுத்துகிறது."

இரண்டாவது வாக்கியத்தில் மூலம் இருக்கிறது, காரணம் இருக்கிறது, விளைவும் இருக்கிறது. புள்ளி கிடைப்பது அங்கேதான்.

கலந்துரையாடல் வினாக்கள்:

1. பட்டி எஸ்குவயர் சுவரில் எழுதிய முறையும் தாளில் எழுதிய முறையும் ஏன் வேறுபட்டன?
2. எச்சரிக்கைப் பெட்டி எப்படி விளம்பரமாக மாறியது? உங்கள் வட்டாரத்திலிருந்து இதுபோன்ற ஓர் எடுத்துக்காட்டுத் தருக.
3. "டாம்" அட்டையின் எளிமை சோம்பலா, தேர்வா? காரணத்துடன் எழுதுக.
4. உங்கள் வட்டாரத்துத் தமிழ்க் கடைப் பலகை ஒன்றைக் கருவி, வாசகர், மூலம் என்ற மூன்று கேள்விகளால் விளக்குக.

நிறைவாக ஆசிரியர்களுக்கு ஒன்று. நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் தன் பெயரை விதவிதமாக வரைந்துகொண்டிருக்கும் மாணவன் எல்லா வகுப்பிலும் உண்டு. "கிறுக்காதே" என்று நாம் சொல்லித்தான் ஆக வேண்டும், பாடம் நடக்கணுமே. ஆனால் மணி அடித்த பிறகு அந்தப் பக்கத்தை வாங்கி ஒருமுறை பாருங்கள். தன் பெயரைப் பத்து விதமாக எழுதிப் பார்ப்பவன் எழுத்தைப் பத்து முறை கூர்ந்து பார்த்திருக்கிறான். "இதையே தமிழ்ல எழுதிக் காட்டு, தம்பி" என்று சொல்லிப் பாருங்கள். அடுத்த நாள் கொண்டுவருவான்.